சிறை வாசலில் நிற்பது யார்?
பங்குக் குழுக்களுக்கான சமூகப் பாடம்



2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19ஆம் நாள், கொழும்பு புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தினுள் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கணேமுல்ல சஞ்சீவ என்ற பெயரால் அறியப்பட்ட அவர் பாதாள உலகக் குழுவொன்றின் தலைவர் என்று பொலிஸாரால் குறிப்பிடப்பட்டவர். பூஸா சிறையிலிருந்து காவலுடன் அழைத்து வரப்பட்டிருந்தார். சுட்டவர் சட்டத்தரணியின் உடையணிந்து வந்திருந்தார். துப்பாக்கியோ, உட்பக்கம் வெட்டியெடுக்கப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்தினுள் மறைத்துக் கொண்டுவரப்பட்டிருந்தது.

இரண்டு நாட்களின் பின், 21ஆம் திகதி இரவு, கொட்டாஞ்சேனையில் மற்றொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலை தொடர்பாகக் கைது செய்யப்பட்ட இருவரும், ஆயுதங்களைக் காட்டுவதற்கென அழைத்துச் செல்லப்பட்ட வேளையில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். நீதிமன்றமும் பொலிஸ் காவலும் வன்முறையை அடக்குவதற்காக அரசு அமைத்து வைத்திருக்கும் இடங்கள். ஒரே வாரத்தில் அவ்விரண்டினுள்ளும் வன்முறை புகுந்துவிட்டது.

பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ இருந்து இதை வாசிக்கும் நீங்கள், "அது கொட்டாஞ்சேனைப் பக்கத்து விவகாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தைப் பக்கத்து விவகாரம்" என்று எண்ணக்கூடும். ஆனால் மட்டக்குளிக்குப் போகும் 155ஆம் இலக்க பஸ் நம்முடைய பகுதி வழியாகவே போகிறது. அங்கே விற்கப்படும் தூள் இங்கேயும் விற்கப்படுகிறது. அங்கே கைதாகும் பையனும் இங்கே கைதாகும் பையனும் ஒரே சிறைக்கூடத்தில் அடைக்கப்படுகிறார்கள். மேலும், கொட்டாஞ்சேனையில் வாழ்வோர் நம் மேற்றிராசனத்தின் மக்களே. உடலின் ஓர் உறுப்பு நோவுற்றால் மற்ற உறுப்புகளும் நோவுறும் என்பது நாம் சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் கற்ற பாடமன்றோ?

எனவே இவ்வாரம் நாம் மூன்று கேள்விகளை ஆராய்வோம். குழுக்கள் எவ்வாறு உருவாகின்றன? அவற்றை ஒழிக்க அரசு செய்தவற்றில் எது பலன் தந்தது, எது தரவில்லை? கிறிஸ்தவ சமூகமாகிய நம் பங்கு யாது?

1. குழு என்பது எப்படி உருவாகிறது?

பாதாளக் குழு வானத்திலிருந்து விழுவதில்லை. அது ஒரு வெற்றிடத்தில் முளைக்கிறது. தகப்பன் இல்லாத வீட்டில் அது தகப்பனாகிறது. பாடசாலையை இடையில் விட்ட பையனுக்கு அது பாடசாலையாகிறது. வேலை கேட்டு அலைந்து, "உன் விலாசம் என்ன?" என்ற முதற் கேள்வியிலேயே திருப்பி அனுப்பப்பட்ட இளைஞனுக்கு அது சம்பளம் கொடுக்கிறது. ஒரு பட்டப்பெயரைச் சூட்டி அவனை ஓர் ஆளாக்குகிறது. குடும்பமும் பாடசாலையும் கோவிலும் தொழிலும் கொடுக்க வேண்டியவற்றின் போலிப் பதிப்பை அது கொடுக்கிறது. போலி நாணயம் செல்லுபடியாவது, நல்ல நாணயம் கைக்கு எட்டாத இடத்திலேயாகும்.

இலங்கையில் இதற்குச் சில தனிக் காரணங்களும் உண்டு. தேர்தற் காலங்களில் அடியாட்களைப் பயன்படுத்தி, பின்னர் அவர்களுக்குப் பாதுகாப்பளித்த அரசியல்வாதிகள் பல கட்சிகளிலும் இருந்தனர். நீண்ட போர்க்காலத்தில் படையைவிட்டுத் தப்பியோடியவர்களிற் சிலர் ஆயுதப் பயிற்சியுடன் குழுக்களிடம் போய்ச் சேர்ந்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக ஹெரோயினும், அதன்பின் "ஐஸ்" எனப்படும் போதைப்பொருளும் கொண்டுவந்த பெரும் பணம் இருக்கிறது. முன்னொரு காலத்தில் ஒரு சந்தியின் கப்பத்திற்காகச் சண்டையிட்டவர்கள் இன்று கடல்கடந்த வாணிபத்திற்காகக் கொலை செய்கிறார்கள்.

தலைவர்கள் வெளிநாடு சென்று அங்கிருந்தே கட்டளையிடும் வழக்கமும் ஏற்பட்டுவிட்டது. மாகந்துரே மதூஷ் என்பவர் 2019இல் துபாயில் கைதாகி நாட்டிற்கு அனுப்பப்பட்டார். 2020 ஒக்டோபரில் பொலிஸ் காவலில் இருந்தபோது மாளிகாவத்தையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கொட லொக்கா என்பவர் 2020 ஜூலையில் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில், வேறொரு பெயரில் வாழ்ந்த நிலையில் இறந்தார். 2025 ஓகஸ்ட் மாதம் கெஹெல்பத்தர பத்மே உள்ளிட்டோர் இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் கைது செய்யப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்டனர்.

தலைவர்கள் இவ்வாறு மாறுகிறார்கள், இறக்கிறார்கள், பிடிபடுகிறார்கள். ஆனால் தொழில் நிற்பதில்லை. ஏன்? கீழே இருந்து புதிய பையன்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். அவர்கள் எந்த வாசலால் வருகிறார்கள் என்பதே இப்பாடத்தின் மையக் கேள்வி.

2. அரசு செய்தவை

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நீதியாகாது. ஜகார்த்தாக் கைதுகள் போன்றவை பல நாடுகளின் ஒத்துழைப்புடன், துப்பாக்கி வெடிக்காமல், சட்டப்படி செய்யப்பட்ட காரியங்கள். அவை பாராட்டுக்குரியவை. 2025 ஒக்டோபர் 30ஆம் நாள், ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க "முழு நாடும் ஒன்றாக" என்ற பெயரில் போதைப்பொருளுக்கெதிரான தேசிய இயக்கமொன்றைத் தொடக்கிவைத்தார். தண்டனையோடு சிகிச்சையையும் மக்களின் பங்களிப்பையும் பற்றிப் பேசும் எந்த முயற்சியையும் நாம் வரவேற்கவே வேண்டும்.

ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளின் அனுபவத்தையும் நாம் மறந்துவிடலாகாது. 1984ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கப்படலாம். 2022ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டம் 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட "ஐஸ்" போதைப்பொருளுக்கும் அத்தகைய தண்டனையை விதித்தது. நம் நாட்டில் இறுதியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 ஜூன் 23ஆம் நாளாகும். 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் தூக்குத் தண்டனைக்குக் கையொப்பமிட்டதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. இவ்வளவு கடுமையான சட்டம் நாற்பது ஆண்டுகளாக இருந்தும் தூள் குறையவில்லை. கடுமை மட்டுமே மருந்தாயிருந்தால் நோய் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17ஆம் நாள் "யுக்திய" என்னும் பெரும் தேடுதல் நடவடிக்கை தொடங்கியது. "யுக்திய" என்றால் நீதி என்பது பொருள். சில வாரங்களுக்குள்ளேயே 29,000க்கும் மேற்பட்டோர் கைதாகினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் இந்நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி கோரினர். தன்னிச்சையான கைதுகள் பற்றியும் காவலில் வைத்துத் துன்புறுத்துதல் பற்றியும் முறைப்பாடுகள் எழுந்தமையே காரணம்.

இந்த எண்ணிக்கையைக் கண்டு மகிழ்வதற்கு முன், ஒரு கணம் சிந்தியுங்கள். கைதான இத்தனை ஆயிரம் பேரிலும் பெரிய வியாபாரிகள் எத்தனை பேர் இருக்க முடியும்? பெரும்பாலானோர் சிறு பொட்டலத்துடன் பிடிபட்டவர்கள், அல்லது பழக்கத்திற்கு அடிமையானவர்கள். அவர்கள் எங்கே கொண்டுபோகப்பட்டார்கள்? ஏற்கெனவே நிரம்பி வழியும் சிறைச்சாலைகளுக்கு.

3. சிறைக்குள் நடப்பது

வெலிக்கடைச் சிறை 1841இல் ஆங்கிலேயரால் கட்டப்பட்டது. நம் சிறைகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1877ஆம் ஆண்டுக்குரியது. நாட்டின் சிறைகள் யாவற்றிலும் ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பேருக்குக்கூட முறையான இடமில்லாதிருக்க, அண்மை ஆண்டுகளில் அங்கு அடைக்கப்பட்டோரின் தொகை 30,000ஐத் தாண்டியிருக்கிறது. அவர்களில் பெரும்பான்மையினர் விளக்கமறியற் கைதிகள். அதாவது, குற்றவாளிகள் என இன்னும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். தீர்ப்புப் பெற்றோரிலும் பெருந்தொகையினர் தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே இருப்பவர்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு இருபது சிறைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கை, படுக்க இடமில்லாமல் கழிவறைப் பக்கத்திலும் கைதிகள் உறங்க நேரிடும் அவலத்தைப் பதிவு செய்திருக்கிறது.

இப்போது ஒரு பையனை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். வயது பத்தொன்பது. ஜம்பட்டா வீதியின் பின்புறத்து ஒழுங்கையொன்றில் இருப்பவன் என்று வைத்துக்கொள்வோம்; பம்பலப்பிட்டியில் புகையிரதப் பாதையோரம் இருப்பவன் என்றாலும் சரியே. சட்டைப் பையில் சிறு பொட்டலத்துடன் பிடிபடுகிறான். தாய் வீட்டு வேலைக்குப் போகிறவள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை. பிணை நிற்பதற்கு ஆளில்லை. விளக்கமறியலில் வைக்கப்படுகிறான்.

முதல் இரவு அவனுக்குப் படுக்க இடமில்லை. இடம் கொடுப்பவர் யார்? அந்தக் கூடத்தை நடத்தும் "அண்ணன்". உணவும் சவர்க்காரமும் பீடியும் கொடுப்பவர் அவரே. அடி விழாமற் காப்பவரும் அவரே. வீட்டிற்குப் பேசக் களவாகத் தொலைபேசி கொடுப்பவரும் அவரே. சில வாரங்களில் அவருடைய ஆட்கள் வெளியே தாயைச் சந்தித்து, சட்டத்தரணியையும் அமர்த்திக் கொடுக்கிறார்கள். பிணை கிடைக்கிறது. சிறை வாசலில் அவனுக்காக ஒரு முச்சக்கர வண்டி காத்து நிற்கிறது. அதில் ஏறாமல் போக அவனுக்கு வேறு இடமில்லை. இந்தக் கடனை அவன் எதைக் கொண்டு தீர்ப்பான்? ஒருநாள் மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்வார்கள். பின்னால் இருப்பவன் சுடுவான். அடுத்த முறை இவனே பின்னால் இருப்பான்.

ஆம். புதிய பையன்கள் வரும் வாசல் இதுவே. குழு வீதி வீதியாகச் சென்று ஆட்சேர்க்க வேண்டியதில்லை. அரசே ஆட்களைத் திரட்டி, வண்டியில் ஏற்றி, குழுவின் கையில் ஒப்படைக்கிறது.

சட்டம் இதை அறியாததல்ல. இளம் குற்றவாளிகளைத் தனியே வைத்துத் தொழில் பழக்குவதற்காகவே 1939இல் பயிற்சிப் பாடசாலைச் சட்டம் இயற்றப்பட்டது. வத்துபிட்டிவலப் பயிற்சிப் பாடசாலையும் பல்லன்சேன சீர்திருத்த நிலையமும் அந்த நோக்கத்திற்காக அமைந்தவையே. வழக்கு முடியாதவரைத் தீர்ப்புப் பெற்றவரிடமிருந்தும், இளையோரை முதியோரிடமிருந்தும் பிரித்து வைக்க வேண்டும் என்பது 2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளின் கட்டளையுமாகும். நெருக்கடி மிகும்போது முதலிற் கைவிடப்படுவது இந்தப் பிரிவினைதான்.

சிறைக்குள் அரசு தன் பொறுப்பைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழ் மக்களாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 ஜூலை 25ஆம், 27ஆம் நாட்களில் வெலிக்கடைச் சிறையினுள் 53 தமிழ்க் கைதிகள் சக கைதிகளின் கைகளால் கொல்லப்பட்டனர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 2012 நவம்பர் 9ஆம் நாள் அதே சிறையில், விசேட அதிரடிப் படையினரின் சோதனையைத் தொடர்ந்து எழுந்த கலவரத்தில் 27 கைதிகள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் முன்னாள் சிறைச்சாலை ஆணையாளர் ஒருவருக்கு 2022 ஜனவரியில் மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2020 நவம்பர் இறுதியில், கொரோனாத் தொற்றுப் பீதியின் நடுவே மஹர சிறையில் மூண்ட கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

பிரேசில் நாட்டின் வரலாறு இதற்கு ஓர் எச்சரிக்கை. 1992 ஒக்டோபர் 2ஆம் நாள் சாவோ பாவுலோ நகரின் கரண்டிறு சிறையில் ஏற்பட்ட கலவரத்தை அடக்கப் புகுந்த பொலிஸார் 111 கைதிகளைக் கொன்றனர். அடுத்த ஆண்டே, வேறொரு சிறையில், "இனி நம்மை நாமே காப்போம்" என்ற நோக்கோடு கைதிகள் சிலர் ஒரு சங்கத்தை அமைத்தனர். அச்சங்கமே இன்று தென் அமெரிக்காவின் மிகப் பெரிய குற்றக் குழுக்களுள் ஒன்று. சிறைச் சுவர்களுக்குள் சிந்திய இரத்தம் அந்தக் குழுவுக்கு எருவாயிற்று.

4. "எல்சல்வடோரைப் போல் செய்தால் என்ன?"

இக்கேள்வியை இன்று பலரும் கேட்கிறார்கள். அதைத் தட்டிக்கழிக்காமல் ஆராய்வோம். மத்திய அமெரிக்காவின் சிறு கத்தோலிக்க நாடான எல்சல்வடோரில் 2015இல் 6,600க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 2022 மார்ச்சில் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து 80,000க்கும் மேற்பட்டோரைச் சிறையிலிட்டது. 2024இல் அரசின் கணக்குப்படி கொலைகள் 114 மட்டுமே. அந்நாட்டுத் தாய்மார் இன்று அச்சமின்றிச் சந்தைக்குப் போகிறார்கள் என்றால், அந்த நிம்மதியை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த நிம்மதிக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் பார்க்க வேண்டும். கைதானோரில் ஏறத்தாழ 8,000 பேர் குற்றமற்றவர்களாக விடுவிக்கப்பட்டதை அந்நாட்டு ஜனாதிபதியே ஏற்றுக்கொண்டார். காவலில் பல நூறு பேர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. அதே நாடு முன்னர் ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு சிறையை ஒதுக்கிப் பார்த்தது. அச்சிறைகள் அக்குழுக்களின் தலைமையகங்களாக மாறின. 2012இல் ஓர் ஆயரும் பங்குகொண்டு பேசி முடித்த சமாதான உடன்பாட்டினால் கொலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தொழிலும் கல்வியும் தொடர்ந்து வராமையால் இரண்டு ஆண்டுகளில் அது குலைந்தது.

அவசரகாலச் சட்டம் என்றால் என்ன, விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தல் என்றால் என்ன என்பதை நம் மக்கள் சொந்த வாழ்வில் அறிந்தவர்கள். வெள்ளவத்தையில் விடுதி அறைகளிலிருந்து அடையாள அட்டையின் பெயரைப் பார்த்து ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளைகளின் கதை பழங்கதையன்று. மற்றவரின் பிள்ளைக்கு மறுக்கப்படும் நீதி நாளை நம் பிள்ளைக்கும் மறுக்கப்படும்.

5. பலன் தந்த வழிகள்

உலகில் பலன் தந்த வழிகள் சில உண்டு. அவற்றுட் சிலவற்றில் கிறிஸ்தவ சமூகங்களின் கை முன்னின்றது.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1992இல் ஓர் இளைஞனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்த தேவாலயத்தினுள்ளேயே எதிர்க்குழுவினர் புகுந்து ஒருவனைக் கத்தியால் குத்தினர். அதன்பின் அந்நகரின் போதகர்கள் கோவிலுக்குள் காத்திருப்பதை விட்டு இரவில் தெருவுக்கு இறங்கினர். 1996இல் பொலிஸாரும் போதகர்களும் சமூகப் பணியாளரும் ஒன்றாகக் குழு இளைஞரை அழைத்து, "சுடுவதை நிறுத்துங்கள், நிறுத்தினால் உதவி உண்டு, நிறுத்தாவிடில் சட்டம் உண்டு" என்று நேருக்கு நேர் சொன்னார்கள். இளைஞர் கொலைகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பொலிஸார் 2005இல் வன்முறையை ஒரு தொற்றுநோயாகக் கருதிச் சிகிச்சை செய்யத் தொடங்கினர். 2008இல் குழு இளைஞரை நீதிமன்றத்திற்கு அழைத்து, மகனைப் பறிகொடுத்த தாயையும் காயங்களைத் தைக்கும் வைத்தியரையும் அவர்கள் முன் பேச வைத்தனர். பின்னர் ஒரு தொலைபேசி இலக்கம் கொடுக்கப்பட்டது. விலக விரும்பியோருக்குக் கல்வியும் வேலையும் கிடைத்தன. பிற்காலத்தில் ஸ்கொட்லாந்தின் ஆண்டுக் கொலைத்தொகை முன்னிருந்ததில் பாதிக்கும் கீழே சென்றது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யேசுசபைக் குருவான கிரெகரி பொயில் அடிகளார், தம் பங்கு இளைஞரை அடுத்தடுத்து அடக்கம் செய்த நிலையில், 1988இல் அவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பணியைத் தொடங்கினார். 1992இல் ஒரு வெதுப்பகம் திறந்தார். எதிரெதிர்க் குழுக்களைச் சேர்ந்தவர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று மா பிசைந்தனர்.

பிரேசிலில் மாரியோ ஒட்டோபோனி என்ற கத்தோலிக்கச் சட்டத்தரணி 1972இல் தொடங்கிய சிறைப்பணியிலிருந்து, ஆயுதந் தாங்கிய காவலர் இல்லாத சிறைகள் உருவாயின. அங்கே சாவிகள் கைதிகளின் கையிலேயே இருக்கின்றன. குடும்பத்தினர் வருகிறார்கள், தொண்டர்கள் வருகிறார்கள், தொழிலும் செபமும் நடக்கின்றன. இந்தியாவிலும் 1981இல் குருமாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய சிறைப்பணி நாடெங்கும் பரவியிருக்கிறது.

நம் நாட்டிலும் கருவிகள் இல்லாமலில்லை. பிணை வழங்குவதே விதி, மறுப்பதே விலக்கு என்று 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம் கூறுகிறது. சிறு குற்றஞ் செய்தோரைச் சிறைக்கு அனுப்பாமல் சமூகத்திலேயே வேலையும் பயிற்சியும் கொடுத்துத் திருத்துவதற்காக 1999இல் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கென ஒரு திணைக்களமும் உண்டு. இத்திணைக்களத்தின் பெயரையாவது நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஜகார்த்தாவில் ஒரு தலைவரைப் பிடிப்பது எவ்வளவு அவசியமோ, பத்தொன்பது வயதுப் பையனை அந்த அண்ணனின் கூடத்திற்குள் போகாமல் தடுப்பதும் அவ்வளவு அவசியம். அரசின் முயற்சியைக் கைதானோரின் தொகையை வைத்து அளப்பதை விட்டு, மீண்டும் சிறைக்குத் திரும்பாதவரின் தொகையை வைத்து அளக்க வேண்டும்.

6. வேதாகமம் காட்டும் வழி

புதிய ஏற்பாட்டில் ஒரு சிறு கடிதம் உண்டு. ஒரே அதிகாரம், கோவிலில் அதிகம் வாசிக்கப்படுவதில்லை. அப்போஸ்தலரான புனித பவுல் சிறையிலிருந்து பிலமோன் என்பவருக்கு எழுதியது அது. பிலமோன் வசதி படைத்த கிறிஸ்தவர். அவர் வீட்டிலேயே திருச்சபை கூடியது. அவருடைய அடிமையான ஒனேசிம் அவரைவிட்டு நீங்கி, சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்ந்து, அங்கே மனம் மாறினான். பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார். அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். அவன் ஏதும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி சொல்லி, தம் கைப்பட எழுதிக் கொடுக்கிறார்.

வாசகர்களே, இது பிணைப் பத்திரமன்றோ? ஒனேசிம் செய்தது சரி என்று பவுல் வாதாடவில்லை. கடன் இல்லையென்றும் கூறவில்லை. குற்றத்தைக் குற்றமென ஏற்றுக்கொண்டு, மனிதனுக்காகத் தாமே பிணை நின்றார். இந்தக் கடிதத்தில் நாம் யார்? நம்மில் அநேகர் பவுலும் அல்லர், ஒனேசிமும் அல்லர். வீடுள்ளவர், வேலை கொடுக்கக் கூடியவர், கதவைத் திறக்கவோ பூட்டவோ உரிமையுள்ளவர். ஆம், நாம் பிலமோன்கள். கடிதம் நமக்கே வந்திருக்கிறது.

திருச்சபையின் போதனையும் இவ்வழியிலேயே நடக்கிறது. 2018இல் பாப்பரசர் பிரான்சிஸ் திருமறைச் சுவடியைத் திருத்தி, மரண தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தகாதது எனப் போதித்தார். 2024 டிசம்பர் 26ஆம் நாள், யூபிலி ஆண்டின் புனிதக் கதவொன்றை உரோமையின் ரெபிபியா சிறைச்சாலையில் அவரே திறந்து வைத்தார். 2025 ஏப்ரல் 17, பெரிய வியாழனன்று, நோயுற்ற நிலையிலும் மற்றொரு சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்தித்தார். நான்கு நாட்களின் பின் இறைவனடி சேர்ந்தார்.

அதே வேளையில், கொலையுண்டவரின் குடும்பத்தை மறந்து கைதியை மட்டும் நினைப்பது இரக்கமாகாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையில் இரத்தம் சிந்திய மேற்றிராசனம் இது. நீதி கிடைக்காத வலி நமக்குத் தெரியும். நீதிமன்றத்தில் உண்மை வெளிவர வேண்டும் என்று கேட்கும் நாமே, கொட்டாஞ்சேனையில் ஒரு சந்தேக நபர் காவலில் சுடப்பட்டதும் "நல்லது, தொலைந்தான்" என்று சொல்லலாமா? இறந்தவன் சாட்சி சொல்லமாட்டான். அவனுக்குத் துப்பாக்கி கொடுத்தவன் தப்பித்துக்கொள்வான்.

7. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிணையும் தண்டப்பணமும். ஒவ்வொரு பங்கிலும் வின்சென்ட் டி போல் சபையினர் ஏழைகளின் வீடுகளை அறிந்து வைத்திருக்கிறார்கள். சிறு தண்டப்பணத்திற்காக ஒருவர் உள்ளே இருந்தால் அதைக் கட்டிவிட ஒரு நிதி வைக்கலாம். தண்டப்பணத்தைச் செலுத்தத் தவணை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. சட்டத்தரணி வைக்க வசதியற்றோருக்காக 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையிலேயே இருக்கிறது. இதைத் தாய்மாருக்குச் சொல்லுங்கள். சட்டத்தரணியைக் குழு அமர்த்துவதற்கு முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

இரண்டாவது, சந்திப்பு. உள்ளே இருப்பவனின் தாய் கோவிலின் கடைசி வாங்கில் தலைகுனிந்து இருப்பாள். அவளோடு ஒருநாள் சிறைக்குப் போய் வாருங்கள். பஸ் செலவும் சாப்பாட்டுப் பொதியும் சிறு காரியங்கள். "உன்னைப் பங்கு மறக்கவில்லை" என்ற செய்தி பெரிது.

மூன்றாவது, வேலை. காலி வீதி நெடுகிலும் நம்மவரின் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் களஞ்சியங்களும் உண்டு. ஒரு பங்கில் ஐந்து வர்த்தகர், ஆண்டுக்கு ஒருவரை ஏற்றுக்கொண்டால் ஐந்து முச்சக்கர வண்டிகள் சிறை வாசலிலிருந்து வெறுமையாகத் திரும்பும்.

நான்காவது, தடுப்பு. பாடசாலையை விட்ட பிள்ளை யார், மாலை நேரத்தில் எங்கே நிற்கிறான் என்பதை மறைக்கல்வி ஆசிரியர் முதலில் அறிவார். பதின்மூன்று வயதில் ஒரு விளையாட்டுக் கழகத்திற்கு ஆகும் செலவு, இருபத்து மூன்று வயதில் ஒரு சவப்பெட்டிக்கு ஆகும் செலவை விடக் குறைவு.

ஐந்தாவது, அரசிடம் கேட்பது. இளையோரையும் முதன்முறை பிடிபட்டோரையும் தனியே வையுங்கள். பழக்கத்திற்கு அடிமையானோரைச் சிகிச்சைக்கு அனுப்புங்கள். விளக்கமறியல் வழக்குகளை விரைவாக முடியுங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். வாக்குக் கேட்டு வரும் எக்கட்சியினரிடமும் இந்த நான்கையும் கேட்கலாம்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. நம் பங்கில் சிறையிலிருக்கும் ஒருவரின் குடும்பம் உண்டா? கடந்த ஆண்டில் அவர்களை யார் சந்தித்தார்கள்?

2. வேலை கேட்டு வருபவரின் விலாசத்தை வைத்து நாம் தீர்ப்பிட்டதுண்டா?

3. பிலமோனுக்கு எழுதப்பட்ட கடிதத்தை முழுமையாக வாசியுங்கள். கடிதம் கிடைத்த அன்று மாலை பிலமோனின் வீட்டில் என்ன நடந்திருக்கும்?

4. நம் பங்கில் பிணை நிற்கக்கூடியவர் யார், வேலை கொடுக்கக்கூடியவர் யார், சிறைக்குச் சென்று வரக்கூடியவர் யார்? பெயர்களை எழுதிப் பங்குத் தந்தையிடம் கொடுங்கள்.

நான்காம் வினாவிற்கு விடை எழுதாமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம்.